எதிர்வீட்டின் ஏழு மணி லைவ்

சாயங்காலம் ஏழு மணி ஆனால் எங்கள் கட்டடத்தில் ஆளாளுக்குப் போனை எடுத்து, தடைசெய்த பேஸ்புக்கைத் திறக்க வீபிஎன்னைப் போடுவோம். எதிர்வீட்டுக் குடும்பம் லைவில் வரும் நேரம் அது. என் கதவுக்கும் அவர்கள் கதவுக்கும் நடுவில் நாலடி இருக்கும். அந்த நாலடிக்கு அப்பால் நடப்பதை, மலேசியாவிலும் சென்னையிலும் இருக்கிறவர்களோடு சேர்ந்து நானும் போனில் பார்த்தேன். வெட்கம்கெட்ட வேலைதான். ஆனால் ஒரு நாளும் பார்க்காமல் விட்டதில்லை.

ரங்கூன் லான்மடாவில் நாலாவது மாடி. ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுக் கைலி மூட்டித்தான் நான் பிழைத்தேன். வீட்டுக்காரர் போய்ப் பல வருடம் ஆகிறது. எதிர்வீட்டுக்காரரைக் கட்டடத்தில் எல்லோரும் சயா என்போம். வாத்தியாரையும் போதகரையும் பர்மாவில் அப்படித்தான் கூப்பிடுவது வழக்கம். எங்களைப்போலத் தமிழர்தான், கிறிஸ்தவ வேதத்துக்குப் போனவர்கள். ஒரு சின்னச் சபையில் அவர் பிரசங்கம் செய்தார். ஐந்து பிள்ளைகள். ஒன்றைக்கூடப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை, வீட்டிலேயே பாடம். டிவி கிடையாது, சினிமா கிடையாது, தோடு கிடையாது, பூ கிடையாது. பெண்பிள்ளைகளுக்குப் பாவாடை கணுக்காலை மூடவேண்டும்.

லைவில் முதலில் பாட்டு, பிறகு ஒரு வசனம், கடைசியில் அறிக்கை. அன்றைக்குச் செய்த தப்பை ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையில் தொடங்கி சயாவில் முடியும். "தங்கச்சி முட்டையில பாதிய நான் தின்னுட்டேன்" என்று ஒன்று சொல்லும். "மாமியார் போன் பண்ணப்ப மனசுக்குள்ள திட்டினேன்" என்று சயாவின் மனைவி சொல்வாள். சொல்லி முடித்ததும் எல்லோரும் ஆமென் என்பார்கள். அந்த வீட்டில் பொய் என்பது கொலைக்கு அடுத்தபடி.

மறுநாள் காலையில் கீழே பாய் கடையில் விமர்சனம் நடக்கும். அரிசி, பருப்பு, எண்ணெய் விற்கிற கடை. "பிள்ளைங்கள ஜெயில்ல போட்ட மாதிரி வளக்குறாங்களே" என்பார் பாய். இரண்டாம் மாடியில் ஒரு அக்கா இருந்தாள், கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறவள். "அந்தப் பெரிய பொண்ணு கண்ணுல பயத்தப் பாத்தியா? நாளைக்கு யாரு கட்டுவா?" என்பாள். நான் சும்மா இருப்பேனா? கடைசிப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு அறிக்கை சொல்வதை அப்படியே நடித்துக் காட்டுவேன். பாய் கல்லாவைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அந்த ஊர் வாயில் பாதி வாய் என்னுடையது.

கட்டாயமாகப் படைக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்த பிறகு என் சிரிப்பெல்லாம் வற்றிப்போனது. என் மகனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. வார்டு ஆபிஸில் போய், மகன் மலேசியா போய்விட்டான், சட்டம் வருவதற்கு முந்தியே போய்விட்டான் என்று எழுதிக் கொடுத்தேன். அவன் உள்ளறையில் இருந்தான். மிஷின் ஓடும்போதுதான் இருமுவான். அவன் துணியை அறைக்குள்ளேயே காயப்போட்டேன். ஒண்டியாளுக்கு இத்தனை அரிசியா என்று பாய் கேட்டுவிடுவாரென்று பாதி அரிசியை இரண்டு தெரு தள்ளி வாங்கினேன். பிள்ளைகளை ஜெயிலில் போட்டதாக எதிர்வீட்டைப் பேசிய வாய் இது. என் வீட்டில் அந்தக் கதவைத் திறந்துவிடுகிற ஏழு மணிகூட இல்லை.

சயாவுக்கு அவன் இருப்பது தெரிந்துபோனது என்னுடைய கவனக்குறைவால் அல்ல. கரண்டு போய், மோட்டார் ஓடாமல், கட்டடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லாத நாள். சயா கீழிருந்து கேனில் சுமந்து வந்து என் வாசலில் ஒன்றை வைத்துக் கதவைத் தட்டியிருக்கிறார். கடைக்குப் போன அம்மாதான் திரும்பி வந்துவிட்டாள் என்று மகன் திறந்துவிட்டான். சயாவின் பின்னால் அவருடைய கடைசிப் பெண், ஆறு வயசுக்காரி, நின்றிருந்தாள். சயா எதுவும் கேட்கவில்லையாம். கேனை உள்ளே தள்ளிவிட்டுக் கதவை அவரே சாத்தினாராம். மகன் இதைச் சொன்னதும் உள்தாழ்ப்பாளையும் சேர்த்துப் போட்டேன். வேறு யார் பார்த்திருந்தாலும் காலில் விழுந்து வாயை அடைத்திருப்பேன். பொய்யே சொல்லாத ஆளை என்ன சொல்லி அடைப்பது?

நாலு நாள் கழித்து லைவில் அந்தச் சின்னவள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"எதிர்வீட்டு அண்ணனை நான் கதவுச் சந்துல எட்டிப் பாத்தேன். அப்பா வேணாம்னு சொன்னாங்க. அப்புறமும் பாத்தேன்."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். கட்டிய கையோடு அந்தப் பிள்ளை போனிலிருந்து நேரே என்னையே பார்ப்பதுபோல இருந்தது. லைவ் முடிந்ததும் எழுந்து போய் அவர்கள் கதவைத் தட்டினேன். சயாதான் திறந்தார்.

"என் பிள்ளையக் கொன்னுட்டீங்களே சயா" என்றேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன், அழுகைதான் வந்தது.

அவர் முகம் வெளுத்திருந்தது. உடனே போனை எடுத்து அந்த வீடியோவை அழித்தார். "பிள்ளைங்க வாயில இனிமே அந்தப் பேச்சு வராது அக்கா, நான் பாத்துக்கிறேன். ஆனா என்னைப் பொய் சொல்லச் சொல்லாதீங்க. யாராவது என்கிட்ட நேராக் கேட்டா என்னால முடியாது."

"கேட்டா என்ன சொல்வீங்க?"

"கேக்கக் கூடாதுன்னு ஜெபம் பண்றேன்" என்றார்.

மறுநாள் பாய் கடையில் பாய் கேட்டேவிட்டார். "யாரும்மா அந்த அண்ணன்?" தாகேதாவிலிருந்து தங்கை மகன் ஒரு நாள் வந்துவிட்டுப் போனான் என்றேன். இரண்டாம் மாடி அக்கா வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே, "ஒரு நாள் வந்தவன அந்தப் பிள்ள திரும்பத் திரும்பப் பாத்திருக்கா?" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு கடையில் யார் பேசினாலும் என்னைத்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மிஷினை மெதுவாக மிதித்தபடி மாடிகளை எண்ணுவேன். இரண்டாம் மாடியில் நின்றால் மூச்சு வரும். நாலு வரை வந்தால் ஊசி கைக்குள் இறங்குவதுகூடத் தெரியாது.

அவர்கள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பாய் தொழுகைக்குப் போயிருந்தார், கடை சாத்தியிருந்தது. இரண்டாம் மாடி அக்கா வேலைக்குப் போயிருந்தாள். சயாவின் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாகேதாவில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சயா காய்ச்சலோடு வீட்டில் தனியாகப் படுத்திருந்தார். நான் நூல்கண்டு வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால், மகன் தரையில் குந்தி, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தமிழைவிட பர்மா பேச்சுதான் நன்றாக வரும். ஆனாலும் தமிழில்தான் சொன்னான்.

"வார்டு ஆபிஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்தாங்கம்மா. நம்ம கதவத் தட்டினாங்க. நான் திறக்கல. அப்புறம் சயா கதவத் தட்டினாங்க."

"சரி. அவர் என்ன சொன்னாரு?"

"எதிர்வீட்டுல வாலிபப் பையன் யாரும் இருக்கானான்னு நேராக் கேட்டாங்க. ரொம்ப நேரம் சத்தமே இல்ல. போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் மஷிபூன்னு சொன்னாரு. இன்னொரு வாட்டி கேட்டாங்க. மறுபடியும் மஷிபூன்னாரு."

மஷிபூ. இல்லை. அவ்வளவுதான் சொன்னாராம். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் வந்தது, சாமி கும்பிடத் தோன்றியது. கையைத் தூக்கப் போன நேரத்தில்தான் இன்னொன்று உறைத்தது. மணி இரண்டு. இன்னும் ஐந்து மணி நேரத்தில் லைவ்.

அந்த ஐந்து மணி நேரமும் நான் மூட்டிய கைலிகளையெல்லாம் மறுநாள் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. போய் அவர் காலில் விழலாமா என்று எழுந்தேன், அதற்குள் அவர் மனைவி பிள்ளைகளோடு படியேறி வந்துவிட்டாள். ஏழு மணிக்கு நானும் மகனும் ஒரே போனைப் பிடித்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்தோம். பாட்டு, வசனம். சின்னவள் ஏதோ பென்சில் கதை சொன்னாள். ஒவ்வொன்றாக முடிந்து சயாவின் முறை வந்தது. காய்ச்சலில் அவருக்கு உதடு காய்ந்திருந்தது. எழுந்து நின்று கையைக் கட்டினார்.

"இன்னைக்கு நான் தெரிஞ்சே, வேணும்னே ஒரு பாவம் செஞ்சேன்." மகன் என் கையை நெரித்தான். "அது என்னன்னு சொல்ல மாட்டேன். அது எனக்கும் கர்த்தருக்கும் உள்ளது."

யாரும் ஆமென் சொல்லவில்லை. அவர் மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். சின்னவள், "சொல்லணும்ப்பா, சொல்லணும்" என்றாள். லைவ் அதோடு நின்றது.

அப்புறம் கேட்க வேண்டுமா? வாய் இருந்தவர்களெல்லாம் பேசினார்கள். பெண்டாட்டி பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு அன்றைக்கு மத்தியானம் தனியாக இருந்த மனுஷன் என்ன பாவம் செய்திருப்பான்? அதைப் பாய் கடையில் பாய் வந்துதான் சொல்ல வேண்டும் என்றில்லை, மலேசியாவிலிருந்து கமெண்டிலேயே எழுதிவிட்டார்கள். "சாமியாரு வேஷம் கலைஞ்சுது பாத்தியா" என்று இரண்டாம் மாடி அக்கா என் தோளை இடித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பாளே என்ற பயம். சபையின் மூப்பர்கள், பாவத்தை முழுசாகச் சொல், இல்லையென்றால் பிரசங்க மேடையில் ஏறாதே என்று சொல்லிவிட்டார்களாம். அவர் ஏறவில்லை. லைவும் இல்லை.

ஒரு மாதம் போனது. மகன் எல்லை தாண்ட அப்போது இன்னும் மூன்று மாதம் இருந்தது. ஒரு காலையில் சயாவின் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். நான் மிஷினை விட்டு எழவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, என்கிட்டகூட அவர் சொல்ல மாட்டேங்குறார். சொன்னா வேற ஒருத்தர் அழிஞ்சிருவாங்கன்னு மட்டும் சொல்றார். உங்க வீட்டு விஷயமா அது?"

நான் பெடலை மிதித்தேன். அவள் மிஷின் சக்கரத்தில் கையை வைத்து நிறுத்தினாள்.

"உங்க வீட்டுக்காகன்னா நான் தாங்கிக்குவேன். மூப்பர்கள்கிட்டப் போய் சொல்லி அவர் பேரக் காப்பாத்திருவேன். வேற எதுனாலும் என்னால முடியாதுக்கா. பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருவேன். ஒரு வார்த்த சொல்லுங்க."

மூப்பர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு மனைவிமார் எத்தனை பேர், அவர்கள் வீட்டிலெல்லாம் ஏழு மணிக்கு யார் எழுந்து நின்று எதைச் சொல்வார்கள் என்றுதான் என் புத்தி ஓடியது. உள்ளறையில் சின்னச் சத்தம்கூட இல்லை.

"என் வீட்டுக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அவள் சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். நம்பிவிட்டாள். கேட்ட கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லிவிட்டால் அது உண்மைதான் என்று அவர்கள் வீட்டில் பழக்கம். "அப்ப எல்லாரும் சொல்றது நெசந்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

அன்று சாயங்காலமே ஐந்து பிள்ளைகளும் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். கடைசியாக அவள் இறங்கினாள். சயா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் கதவைப் பாதி திறந்து நின்றேன். காலையில் நான் சொன்னதை அவர் கேட்டிருக்க வேண்டும், நாலடி தூரம்தானே. சத்தியமாக அவர் என்னைச் சபிப்பார் என்றுதான் நினைத்தேன். சபித்திருந்தால் தேவலை.

செருப்புச் சத்தம் கீழே போய் அடங்கிய பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தி, "தம்பி சாப்பிட்டாச்சா அக்கா?" என்று கேட்டார்.