நான் குடியிருக்காத வீட்டுக்கு என் பேரில் லைசென்ஸ்

போன செவ்வாய்க்கிழமை ஓர் ஊராட்சி மன்றக் கூட்டத்தில், கடைசி பெஞ்சில், மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கை வேர்த்துக்கொண்டே இருந்தது. இத்தனைக்கும் ஜவ்வாது மலையில் அன்றைக்கு ஸ்வெட்டர் போடுகிற குளிர்!

எந்த ஊராட்சி என்று கேட்காதீர்கள். ஊர் மேல் தப்பு இல்லை. தப்பு என் மேல். வாராவாரம் இந்தப் பக்கத்தில் அடுத்தவர் தப்பை எழுதுகிறேன், நீங்களும் ரசித்துப் படிக்கிறீர்கள். இந்த வாரம் என் முறை.

நாலு வருஷத்துக்கு முன்னால் மலையில் ஒரு வீட்டை லீசுக்கு எடுத்தேன். சின்னபாப்பா, அவர் கணவர் ராஜேந்திரன் — இவர்களுடைய சொந்த வீடு. ஓடு போட்ட ரெண்டு ரூம், வாசலில் ஒரு புளியமரம். வெஸ்டர்ன் டாய்லெட் கட்டினேன். நல்ல மெத்தை வாங்கிப் போட்டேன். வெப்சைட்டில் நாலு போட்டோ ஏற்றினேன். ஹோம்ஸ்டே ரெடி! சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

நான் வேலூரில் சோபாவில் உட்கார்ந்து போனில் புக்கிங் பார்ப்பேன். வீட்டுக்காரர்கள் பின்பக்கம் ஷீட் போட்ட கொட்டகைக்கு மாறிவிட்டார்கள். சமையல், துணி துவைப்பது, வருகிறவர்களின் மூடு பார்த்து நடந்துகொள்வது — எல்லாம் சின்னபாப்பா. வெப்சைட்டில் அவரை 'கேர்டேக்கர்' என்று போட்டிருந்தேன். சொந்த வீட்டுக்கே கேர்டேக்கர்... டைப் அடிக்கும்போது எனக்கு உறைக்கவே இல்லை.

லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று ஊராட்சி சொன்னபோது விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்தேன். அதில் ஓர் உறுதிமொழி உண்டு. வாடகைக்கு விடுபவர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். 'குடியிருக்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாசம் ஒரு தடவை போய் ரெண்டு நாள் தங்குகிறேனே, அது குடியிருப்பது ஆகாதா? நம் மனசு நமக்காக வக்கீல் வேலை பார்க்கும்போது ஃபீஸ்கூட வாங்குவதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாமை அறுப்பு சமயத்தில் ஒரு கோஷ்டி வந்து தங்கியது. பக்கத்து நிலத்துக்காரர் கோவிந்தன் தன் களத்தில் கதிரை அறுத்துப் போட்டிருந்தார். மலையில் களம் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். நம் விருந்தாளிகளுக்கு அது பார்க்கிங்காகத் தெரிந்திருக்கிறது. கதிர் மேலேயே காரை ஏற்றி நிறுத்திவிட்டு, ஷூவோடு இறங்கி செல்ஃபி எடுத்திருக்கிறார்கள். காரிலிருந்து ஆயில் வேறு ஒழுகியிருக்கிறது. அத்தனை கதிரும் பாழ்.

கோவிந்தன் நேராக சின்னபாப்பாவிடம் வந்து நின்றார். சின்னபாப்பா எனக்கு போன் போட்டார். நான் ஒரு ரிசப்ஷனில் இருந்தேன். ஆறு மிஸ்டு கால். 'அப்புறம் பேசலாம்' என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் பேசினேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லு சின்னபாப்பா" என்றேன். கோவிந்தன் அட்ஜஸ்ட் பண்ணவில்லை. புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். லைசென்ஸ் வைத்திருப்பவர் அந்த வீட்டில் குடியிருப்பதே இல்லை என்று.

நோட்டீஸ் வந்தது. புகார் வந்த லைசென்ஸ்களை மன்றக் கூட்டத்தில் மறுபரிசீலனை செய்யப்போகிறார்களாம். விதிமீறலோ பொய் உறுதிமொழியோ தெரிந்தால் ரத்து. அதோடு விடாமல், அந்தக் கதவு எண்ணுக்கு மூன்று வருஷம் யாருக்குமே லைசென்ஸ் கிடையாது.

எனக்கு என்ன, சைடு வருமானம் போகும். வேறு தொழில் பார்ப்பேன். சின்னபாப்பாவுக்கு? ராஜேந்திரன் முன்பெல்லாம் மேஸ்திரி கூப்பிட்டால் வேனில் ஏறி ஆந்திரா பக்கம் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். என்ன வேலை, எந்தக் காடு என்று அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். போனவர்களில் சிலர் செம்மரம் வெட்டிய கேஸில் ஜெயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். ஒரு தடவை இவரே இருபது நாள் தகவல் இல்லாமல் போய், சின்னபாப்பா சோறு இறங்காமல் கிடந்திருக்கிறார். வீட்டுக்கு ஆட்கள் வந்து தங்க ஆரம்பித்த பிறகுதான் ராஜேந்திரன் வேனில் ஏறுவது நின்றது.

கூட்டத்துக்கு முதல் நாள் சின்னபாப்பா போனில் சொன்னது ஒன்றுதான். "லைசென்ஸ் போச்சுன்னா இவுரு மறுபடியும் கிளம்பிடுவாரும்மா. மேஸ்திரி இப்பவே வந்து வந்து கேட்டுனு கீறாரு."

"நீ கவலைப்படாதே. யாராவது கேட்டா, அம்மா இங்கதான் இருக்காங்கன்னு சொல்லிடு. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

 "சரிம்மா" என்றார் சின்னபாப்பா.

கூட்டத்துக்குப் போகிற வழியில், சந்தவாசலில் டீக்கு வண்டியை நிறுத்தியபோதுகூட அதே வசனத்தைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அம்மா இங்கதான் இருக்காங்க... அம்மா இங்கதான் இருக்காங்க...

கூட்டத்தில் முதலில் பட்ஜெட் திருத்தம். ஒரு தலைப்பில் இருக்கிற பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றரை மணி நேரம்! தெருவிளக்கா, குடிநீர் மோட்டாரா என்று ஆரம்பித்து, எந்தக் குக்கிராமத்துக்கு எப்போது தண்ணீர் வந்தது என்பது வரை போனது. நடுவில் செயலர் எழுந்து, "மோட்டார் ரிப்பேர் செலவை விளக்குத் தலைப்புல தப்பா எழுதிட்டேங்க. என் தப்புதான். திருத்திக்கணும்" என்றார்.

யாரும் அவரைக் கடித்துத் தின்றுவிடவில்லை. ரெண்டு பேர் திட்டினார்கள். தலைவர் அம்மா "இனிமே பாத்து எழுதுங்க" என்றார். திருத்தினார்கள். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். கண் முன்னால் இது நடக்கிறது, நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

அப்புறம் லைசென்ஸ். எனக்கு முன்னால் மூன்று வீடுகள். முதல் வீட்டுக்காரர் ஆளே வரவில்லை. ரத்து, மூன்று வருஷம். ரெண்டாவது வீட்டில் கழிவுத் தண்ணீர் ஓடைக்குப் போகிறது. ரத்து, மூன்று வருஷம். மூன்றாமவர் குரலை உயர்த்தி ஏதோ வாதாடினார். அவருக்கும் அதே தீர்ப்பு. மொத்தமே இருபது நிமிஷம். 

நாலாவதாக என் பெயர். எழுந்து நின்றேன். பக்கத்தில் சின்னபாப்பாவும் எழுந்தார்.

"மேடம், நீங்க அந்த வீட்லதான் குடியிருக்கீங்களா?" என்று தலைவர் அம்மா கேட்டார். அவர் பக்கத்து ஊர்க்காரர். எங்கள் வீட்டுப் பக்கம் அதிகம் வந்ததில்லை.

"உறுதிமொழி கொடுத்திருக்கேன்ல" என்றேன். கேள்விக்கு இது பதிலா? இல்லை. ஆனால் பொய்யும் இல்லை பாருங்கள். இந்த சாமர்த்தியத்துக்கு எனக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

கோவிந்தன் எழுந்துவிட்டார். "எங்க கீறாங்க இவுங்க? மாசத்துல ஒரு நாளு வர்றாங்க, போறாங்க. என் களத்துல காரு ஏறிச்சே, அன்னிக்கு எங்க இருந்தாங்க? இன்னா ஏதுன்னு கேக்க ஆளு வேணாமா?"

"எழுத்துல இருக்குங்க. அதை மறுக்கணும்னா சாட்சி வேணும்" என்றார் செயலர்.

"சாட்சி பக்கத்துலயே நிக்குதே!" கோவிந்தன் சின்னபாப்பாவைக் கை காட்டினார். "அத்த கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க. பண்ணிட்டா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். புகாரையும் வாங்கிக்கறேன்."

"தீர்மானத்துல கற்பூரம்னெல்லாம் எழுத முடியாதுங்க..." செயலர் பதறினார்.

"நீங்க எழுத வேணாம்" என்றார் தலைவர் அம்மா.

ஆபீஸ் வாசலில் ஒரு சின்னப் பிள்ளையார் உண்டு. எல்லோரும் அங்கே போனோம். யாரோ கற்பூரம் கொண்டுவந்தார்கள். ஒரு கல் மேல் வைத்து ஏற்றினார்கள். மலையில் இதற்கு அப்பீல் கிடையாது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து ஒன்றைச் சொல்லிவிட்டால், ஊர் அதோடு வாயை மூடிக்கொள்ளும். பொய்யாக இருந்தால் மிச்சத்தை சாமி பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு.

எனக்கு அந்த நிமிஷத்தில் என்ன தோன்றியது தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நிம்மதி! ஒரு துண்டு கற்பூரம்தானே? ரெண்டு செகண்டு வேலை. லைசென்ஸ் தப்பித்தது, ராஜேந்திரன் தப்பித்தார், நான் தப்பித்தேன்.

சின்னபாப்பா செருப்பைக் கழற்றினார். குழாயில் கை கால் கழுவினார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கல் முன்னால் நின்றார். கோவிந்தன் முகம் மாறிவிட்டது. இந்த அளவுக்கு வருவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.  அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.

சின்னபாப்பா கையை நீட்டவில்லை. என் பக்கம் திரும்பினார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"யம்மா... எம் புள்ளைங்க மேல ஒண்ணும் வராதுல்ல?"

இதற்கு நான் என்ன சொல்ல? வராது என்று சொல்ல என் வாயில் வார்த்தை தயாராகத்தான் இருந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவருக்கு இருக்கிறதே! நான் பேனாவால் சுலபமாகப் போட்ட பொய்யை, அவர் தன் பிள்ளைகளை வைத்து மெய்யாக்க வேண்டும். அதைச் செய்யத்தான் கை கால் கழுவிக்கொண்டு வந்து நிற்கிறார். 

கற்பூரம் பாதி எரிந்திருந்தது. அவர் கை மெதுவாக மேலே வந்தது.

"வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். உண்மையிலேயே கத்தினேன், எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "நான் அங்க குடியிருக்கலைங்க. நான் போட்டது பொய்க் கையெழுத்து. வீடும் அவங்களுது, குடியிருக்கறதும் அவங்கதான். பின்னால கொட்டகையில இருக்காங்க. என்ன செய்யணுமோ என்னைச் செய்யுங்க. அந்தக் கதவு எண்ணை விட்டுடுங்க."

சின்னபாப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.  கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது.

திரும்ப உள்ளே போனோம். செயலர் விதிகளைப் புரட்டினார். "பொய் உறுதிமொழின்னாலும் மூணு வருஷம்தாங்க. முதல் மூணு வீட்டுக்கும் அதேதான் போட்டோம். இவங்களுக்கு மட்டும் மாத்தினா கேள்வி வரும்."

அவர் சொல்வது நியாயம்.  அதை மறுத்துப் பேசியவர் யார் தெரியுமா? கோவிந்தன்!

"வூடு இன்னா தப்பு பண்ணிச்சு? கேக்கறதுக்கு ஆளு இல்லன்னுதான நான் எழுதிக் குடுத்தேன். சின்னபாப்பா பேர்ல இருந்திருந்தா அது அன்னிக்கே அந்தப் பசங்களை வெளிய அனுப்பியிருக்கும். அத்த அந்த வூட்ல வேலைக்காரியாட்டம் வச்சிருந்தா, அது வாயத் தொறக்குமா?"

சபையில் வைத்துச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

அரை மணி நேரம் விவாதம். கடைசியில் தலைவர் அம்மா சொன்னார்: என் லைசென்ஸ் ரத்து. சாமைக்கான நஷ்டத்தை நான் கொடுக்க வேண்டும். மூன்று வருஷத் தடையை அடுத்த கூட்டம் வரை நிறுத்தி வைக்கிறார்கள். அதற்குள் சின்னபாப்பா தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்பதை அப்போது ஓட்டுக்கு விடுவார்கள். அதுவரை வீடு பூட்டியிருக்க வேண்டும்.

ஆக, இதை நீங்கள் படிக்கும்போது இன்னும் முடிவு தெரியாது. மேஸ்திரி ரெண்டு தடவை வந்துபோய்விட்டார் என்று தகவல். ராஜேந்திரன் இதுவரை வேனில் ஏறவில்லை. எனக்குத் தினமும் காலையில் போன் அடித்தால் முதலில் நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறது.

அன்றைக்கு சாயங்காலம் சின்னபாப்பாவை காரில் வீட்டில் கொண்டு விட்டேன்.  வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டே ஓட்டினேன். அதோடு... உள்ளுக்குள் ஓர் அல்ப ஆசை. கடைசி நிமிஷத்தில் காப்பாற்றிவிட்டோமே, ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா?

வீட்டு வாசலில் இறங்கியதும் நானே கேட்டேன். "நான் தடுக்கலைன்னா நிஜமாவே அணைச்சிருப்பியா?"

"அணைச்சிருப்பேம்மா. வேற இன்னா பண்றது?"

கார் கதவை சாத்திவிட்டு ரெண்டு எட்டு நடந்தார். திரும்பி வந்து ஜன்னல் அருகே குனிந்தார். குரலில் கோபம் இல்லை.

"ஆனா, நீங்க இன்னும் கொஞ்சம் முன்னாலயே சொல்லியிருக்கலாம்மா."

எவ்வளவு முன்னால் என்று கேட்கத்தான் எனக்கு தைரியம் வரவில்லை.