சின்னக்காவுக்கு நான் வாசித்த நாவல்

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் டென்ட்டுக் கொட்டகைக்குப் போனவர்கள் பெரியக்கா, சின்னக்கா, அவள் மடியில் ஒரு வயதுப் பிள்ளை, நான். வராதவர்கள் இரண்டு பேர். அப்பா, "துணியில ஆடுத நிழலுக்கு நான் எதுக்குலே?" என்று சொல்லிவிட்டார். சின்னக்காவின் வீட்டுக்காரர் கொழும்பில் இருந்தார்.

நேற்று ராஜபாளையத்தில் சினிமாத் தட்டி கட்டிய மாட்டுவண்டி ஒன்று மேளம் அடித்துக்கொண்டு போனது. அன்றைக்குப் படமாகப் பார்த்த அதே நாவலை மறுபடி படம் எடுத்திருக்கிறார்களாம். "இந்தத் தடவ ரெண்டாமவ சாகமாட்டாளாம்வே" என்றார் மில்லில் என்னோடு வேலை பார்ப்பவர். சிரித்து வைத்தேன். உங்களிடம் சொன்னால் என்ன? அவளை முதலில் சாகாமல் காப்பாற்றியவன் நான்தான்.

எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அதில் கொஞ்சம் கர்வம்கூட. கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூட உரக்க வாசித்துவிட்டுத்தான் கடலையைக் கொடுப்பேன். சாயங்காலம் அடுத்த தெருவிலிருந்து பெரியக்கா வந்துவிடுவாள். அக்காமார் இருவரும் பருத்தியில் சருகு பொறுக்க, நான் நாவல் வாசிப்பேன். மூன்று சகோதரிகளின் கதை. சின்னக்காவுக்கு இரண்டாமவள்மேல் உயிர். அந்த இரண்டாமவள் பிரசவத்தில் இறந்துபோகிற அத்தியாயம் வந்தபோது சின்னக்காவுக்கு ஏழு மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கலைந்திருந்தது. என்னால் வாசிக்க முடியவில்லை. தாளைப் பார்த்தபடியே அவளைப் பிழைக்க வைத்தேன். மிச்சம் இருந்த அத்தியாயங்களிலும் அவளை நடமாடவிட்டு, பேசவிட்டு, சொந்தச் சரக்கிலேயே ஓட்டினேன். நானே எழுத்தாளன் ஆகிவிட்டதாக நினைப்பு வேறு.

பிறகு படம் வந்தது. யுத்தக் காலம், கரியில் ஓடுகிற பஸ்ஸில் இருமிக்கொண்டே போனோம். தண்ணீர் தெளித்த மணலில் உட்கார்ந்தோம், அந்த ஈர வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. பாதிப் படத்தில் இரண்டாமவள் செத்துப்போனாள். ரீல் மாற்றுவதற்காக விளக்குப் போட்டார்கள்.

"இதென்னலே, நீ வாசிச்சதுல பிழைச்சிட்டாளே?" என்றாள் சின்னக்கா.

பெரியக்கா முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஏட்டி, சினிமாக்காரன் பொய் சொல்லுதான். நம்ம தம்பி படிச்சவன்லா?" என்றாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். சின்னக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லக் கேட்டாள்:

"அவிய கடுதாசியையும் இப்படித்தான் வாசிச்சியாலே?"

விளக்கை அணைத்துவிட்டார்கள்.

கொழும்பிலிருந்து வந்த கடிதங்களில் கையில் பணமில்லை, கேட்டு எழுதவேண்டாம் என்பது மட்டும்தான் இருக்கும். பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இராது. 'பிள்ளை சிரிக்கிறாளா, உன் உடம்பு எப்படி' என்பதெல்லாம் நான் சேர்த்தது. அதைக் கேட்டதும் அவள் காகிதத்தைப் பிள்ளையின் கன்னத்தில் ஒற்றுவாள்.

சின்னக்கா இன்றும் இதே வீட்டில்தான் இருக்கிறாள். சோறு போடுகிறாள், பேசுகிறாள். "வாசிலே" என்று மட்டும் சொல்வதில்லை. புதுப் புத்தகம் கொண்டுவந்தால் நானே மனதுக்குள் வாசித்து மூடிவைக்கிறேன்.

படம் பார்த்த மறுநாள் காலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பழைய கடிதங்கள் அத்தனையையும் தபாலாபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் கொண்டுபோய், முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். கடிதத்துக்கு அரையணா. பதினோரு கடிதத்துக்கு ஐந்தரை அணா ஆயிற்று.