பெஞ்சு மேஸ்திரியை வள்ளலாக்கிய சர்ச்

சர்ச் கமிட்டி பெஞ்சு மேஸ்திரிக்கு நான்கு பெஞ்சுகளின் பணம் பாக்கி வைத்திருந்தது. மரம், கூலி, வார்னிஷ் எல்லாம் சேர்த்து நாலாயிரம். இன்றைக்கு நாலாயிரத்தைப் பெரிய பணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு அது கைக்கு வந்திருந்தால் அவர் ஓர் இழைப்பு மெஷின் வாங்கிப் போட்டிருப்பார். வராததால் இன்னும் பல வருஷம் இழைப்புளியைத் தள்ளித் தள்ளித் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டார்.

மேஸ்திரி லேசுப்பட்ட ஆள் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார், நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். மரம் அறுக்கும் மில்லில் தூள் கூட்டப் போனார். அந்தத் தூள் மூட்டை மேலேயே படுத்துத் தூங்கினார். உளியை எப்படிப் பிடிப்பது என்று ஒருவரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, பார்த்தே பிடித்தார். இன்றைக்குக் கடைத்தெருவில் இரட்டைக் கதவு போட்ட மரச்சாமான் கடை நிற்கிறது என்றால் அது அந்தக் கை சம்பாதித்தது. மாமனார் வீட்டிலிருந்து ஒரு முக்காலிகூட வாங்கவில்லை. கேட்டிருந்தாலும் ஆடுகிற முக்காலியைத்தான் கொடுத்திருப்பார்கள்.

அவருடைய பெஞ்சில் ஆணி இருக்காது. பொருத்து வெட்டி ஒன்றுக்குள் ஒன்றை அடித்து இறக்குவார். வேலை முடிந்ததும், வாங்க வந்தவர் கண் முன்னாலேயே அதன் மேல் ஏறி இரண்டு காலாலும் குதிப்பார். கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தால் காசு வேண்டாம். அப்படி ஒரு சத்தம் இதுவரை வந்ததில்லை. ஊரில் வேறு தச்சர்களும் இருந்தார்கள். அவர்கள் யாரும் குதித்துக் காட்டவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடலாம்.

அதனால்தான் புது சர்ச் கட்டியபோது பெஞ்சு வேலை முழுவதும் அவரிடம் வந்தது. கொண்டு வந்தவர் கமிட்டியின் பொருளாளர். வங்கியில் வேலை பார்த்தவர். பேச்சில் வெண்ணெய் வழியும். காசு மட்டும் வழியாது. முதலில் போன பெஞ்சுகளுக்கு இழுத்துப் பறித்தாவது பணம் வந்தது. கடைசி நான்கை வண்டியில் கொண்டுபோய் வாசல் படிக்கட்டில் இறக்கியபோது பொருளாளர் கையை விரித்தார்.

"வசூல் பத்தல மேஸ்திரி. திறப்பு விழா முடியட்டும்."

விழா முடிந்தது. "கமிட்டி மாறுது மேஸ்திரி" என்றார். கமிட்டி மாறியது. "புதுசா வந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது மேஸ்திரி" என்றார். இப்படியே இரண்டு வருஷம் நடக்க வைத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற நேரத்தில், மேஸ்திரி படிக்கட்டுக்குக் கீழே நின்று கத்தினார்.

"என் காசு என் உள்ளங்கையில விழுற வரைக்கும் இந்தப் படியில கால் வைக்க மாட்டேன்!"

பாட்டுச் சத்தத்தில் பாதிப் பேருக்கு அது காதில் விழவில்லை. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூட வெளியே வேப்பமரத்தடியில் நின்றுதான் ஆசீர்வாதம் பண்ணினார். பெண் வெளியே வந்து காலில் விழ வேண்டியிருந்தது.

ஒரு விஷயம் மட்டும் அவருக்கு வினோதமாக இருந்தது. டீக்கடையில், சந்தையில், முடிதிருத்தும் கடையில், சர்ச்சுக்குப் போகிற ஜனங்கள் அவரைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "பெரிய மனசுங்க உங்களுக்கு" என்பார்கள். மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டு, "என் சுபாவமே அப்படித்தான்" என்பார். எதற்காகச் சொல்கிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நல்ல வார்த்தை சொல்கிறவனிடம் காரணம் கேட்பார்களா?

பிறகு நெடுஞ்சாலை ஊருக்கு வெளியே போனது. ஜனங்களும் அதன் பின்னாலேயே போனார்கள். அங்கே ஏசி போட்ட பெரிய சர்ச் எழும்பியது. பழையதைப் பூட்டினார்கள். பூட்டு துருப்பிடித்தது. மணிக்கூண்டில் ஆலஞ்செடி முளைத்தது. வண்ணக் கண்ணாடிகளைப் பையன்கள் கல்லெறிந்து பதம் பார்த்தார்கள்.

இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது மகள். அப்பாவின் வாயும் அவருக்கு இல்லாத நிதானமும் அவளுக்கு உண்டு. பழைய மரத்துக்கு நல்ல கிராக்கி என்று, கட்டடத்தை இடிப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கிற பெஞ்சுகளை மொத்தமாக விலை பேசிவிட்டாள். பேசியது அதே பொருளாளரிடம். தலை நரைத்தும் பதவியை விடாத மனிதர். பணம் கொடுக்கும் நாளில் அப்பாவையும் இழுத்துக்கொண்டு வந்து, வாசலில் காத்திருந்த பொருளாளரிடம் பணக்கட்டைக் கொடுத்தாள்.

படிக்கட்டுக்கு முன்னால் மேஸ்திரி நின்றுவிட்டார்.

"நீ போய்ப் பாரு கண்ணு. நான் இங்கயே நிக்கிறேன்."

"பீடத்தையே பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்கப்பா. இது இப்ப சர்ச் இல்ல, குடோன். குடோனுக்குள்ள வரமாட்டேன்னா சத்தியம் பண்ணீங்க?"

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. படிக்கட்டின் ஓரமாக, கல் பெயர்ந்து மண் சரிந்து கிடந்த இடமாகப் பார்த்து ஏறினார். படியில் கால் வைக்கவில்லை என்று பிறகு எல்லோரிடமும் சொல்லலாம்.

உள்ளே புறா எச்சமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த நெடி. கூரையில் ஓடு விழுந்த இடத்திலெல்லாம் வெயில் கம்பு ஊன்றியதுபோல் இறங்கியது. ஞானஸ்நானத் தொட்டியில் யாரோ பாட்டில்களைப் போட்டு வைத்திருந்தார்கள். பாடகர் மாடத்து மரப்படி, வேறு எவனோ ஆணி அடித்துச் செய்தது, பல்லிளித்துக்கொண்டு தொங்கியது. மேஸ்திரி அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். நடுவில், தூசிக்கு அடியில், அவருடைய பெஞ்சுகள் போட்ட இடத்தில் போட்டபடி நின்றன. ஒன்றின் மேல் ஏறினார்.

"அப்பா, இடுப்பு!"

குதித்தார். பெஞ்சு மூச்சுவிடவில்லை. இடுப்புதான் சத்தம் போட்டது.

இறங்கும்போது முதுகுப் பலகையில் வெள்ளைப் பெயின்ட் தெரிந்தது. மகள் துப்பட்டா நுனியால் துடைத்தாள். 'அன்பளிப்பு: மருந்துக்கடைக்காரர் குடும்பம்.' அடுத்ததில் தபால்காரர் குடும்பம். ஆளுக்கொரு பெஞ்சு வாங்கிக் கொடுத்துப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மேஸ்திரி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே பின்வரிசைக்குப் போனார். கடைசி நான்கு பெஞ்சுகளுக்கு வந்ததும் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். நான்கிலும் அன்பளிப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, பிழையில்லாமல்.

"பொருளாளர் சார்!" புறாக்கள் மொத்தமாக எழுந்து பறந்தன. "இங்க வாங்க. யாரு சார் இந்த வள்ளல்?"

பொருளாளர் மெதுவாக வந்தார். பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அது வந்து மேஸ்திரி... கடைசி நாலுக்கு ஆள் கிடைக்கல. எல்லாத்துலயும் பேர் இருந்து நாலு மட்டும் மொட்டையா இருந்தா விழா அன்னிக்கு நல்லாவா இருக்கும்? காசும் குடுக்க வழியில்ல. அதான், உங்க பேரையே போட்டுட்டா உங்களுக்கும் ஒரு மரியாதையாச்சேன்னு. மேடையில வாசிச்சப்போ ஜனங்க எப்படிக் கை தட்டினாங்க தெரியுமா?"

"என் கூலிய நீங்களே வச்சுக்கிட்டு, அத நானே தானம் பண்ணதா எனக்கே கை தட்டினீங்களா?"

"தட்டினது மனசாரத்தான்."

டீக்கடையும் சந்தையும் முடிதிருத்தும் கடையும் ஒரே நேரத்தில் மேஸ்திரியின் தலைக்குள் வந்து நின்றன. பெரிய மனசுங்க உங்களுக்கு. அவர் முகம் கருத்தது. பொருளாளர் அதைக் கவனித்துவிட்டார்.

"நீங்களும்தான் ஊரெல்லாம் 'என் சுபாவமே அப்படித்தான்'னு சொன்னீங்க. அதக் கேட்டுட்டு, சரி, மேஸ்திரி மனசார விட்டுட்டார்னு நெனச்சோம்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூண் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேஸ்திரிக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. ஏமாற்றியவனைத் திட்டலாம், தானே ஏமாந்ததற்கு யாரைத் திட்டுவது? ஆனாலும் திட்டினார். வெண்ணெய் வழியும் வாயே என்றார். செத்த பிறகு கல்லறையிலும் அன்பளிப்பு என்று எழுதி இன்னொருத்தன் தலையில் கட்டுங்கள் என்றார். மூச்சு வாங்கியதும் அந்த நான்கில் ஒன்றின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இது என் அன்பளிப்புன்னா, என் பொருளுக்கு என் பொண்ணுகிட்ட விலை வாங்க நீங்க யாரு? கடன்னா, எண்ணி வைங்க."

"எழுதிட்டீங்க சார், அழிக்க முடியாது" என்றாள் மகள். "நாலு பெஞ்சுக்கும் இன்னிக்கு இருக்கிற விலையப் போட்டு வாங்கணும்ப்பா. நாலாயிரத்துக்கு இப்ப ஒரு கால்கூட வராது."

"சும்மா இரு கண்ணு. நான் பேசின விலை நாலாயிரம். அவங்க மாத்திப் பேசலாம், நான் பேசமாட்டேன்."

பொருளாளர் பெருமூச்சு விட்டார். சற்று முன்னால் மகள் கொடுத்த பணக்கட்டைப் பையிலிருந்து எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றப் போனார்.

"அத உள்ள வைங்க! அது என் பொண்ணு காசு. என் வீட்டுக் காச எடுத்து எனக்குத் தர வேண்டிய கடன அடைப்பீங்களோ? இதுக்கும் ஒரு பெயின்ட் அடிப்பீங்களோ?"

"வேற எங்க போறது மேஸ்திரி? கமிட்டியக் கேக்கணும். கூட்டம் போடணும்..."

"என்னைய வள்ளலாக்கினப்போ எந்தக் கமிட்டி என்னக் கேட்டுது? உங்க சட்டைப் பையிலேர்ந்து குடுங்க. அப்புறம் போய் கமிட்டிகிட்ட வசூல் பண்ணிக்குங்க. எத்தன வருஷம் நடக்க விடுறாங்கன்னு நானும் பாக்கறேன்."

வெளியே பெஞ்சுகளை ஏற்ற வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். காத்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் அவனுக்குத் தனிக் காசு, அதைக் கட்ட வேண்டியவர் பொருளாளர். மேஸ்திரி அசையவில்லை, பெஞ்சும் அசையவில்லை. பொருளாளர் வாசலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் வந்தது. கால்சட்டைப் பின்பையிலிருந்த பர்ஸிலிருந்து மீதி வந்தது. பொருளாளர் அதை மடித்துப் பெஞ்சின் ஓரத்தில் வைக்கக் குனிந்தார்.

"பெஞ்சு மேல இல்ல." மேஸ்திரி வலது கையை நீட்டி விரித்தார். உளி பிடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கை. "இதுல. வாய் விட்டு எண்ணுங்க. அன்னிக்கு மேடையில வாசிச்ச அதே குரல்ல."

பொருளாளர் எண்ணத் தொடங்கினார். முதல் நோட்டுக்குக் குரல் எழும்பவில்லை. மேஸ்திரி அதைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எண்ணச் சொன்னார். ஐநூறு, ஆயிரம், ஆயிரத்து ஐநூறு என்று காலி சர்ச்சில் சத்தம் முட்டித் திரும்பியது. கடைசியில் ஐநூறு தாளுக்குப் பதில் நூறும் ஐம்பதுமாகக் கசங்கிய நோட்டுகள் வந்தன. மேஸ்திரி ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டார். பொருளாளரின் பர்ஸ் காலியானது. உள்ளங்கை இன்னும் விரிந்தே இருந்தது.

"அம்பது குறையுது சார்."

பொருளாளர் எல்லாப் பைகளையும் தடவி, சில்லறையைத் தேடி எடுத்து, ஒவ்வொரு நாணயமாக அந்தக் கையில் எண்ணி வைத்தார்.