இருநூற்றுப் பதினேழரை, மில் தெரு

ஆர்டிஸ் க்ளெட்கேயைக் கார்வர்ஸ் ஃபால்ஸில் தெரியாதவர்கள் இல்லை. அவர் எந்தக் கட்சி என்று தெரிந்தவர்களும் இல்லை. இருபத்தாறு வருடம் நகரமன்றத்தின் எழுத்தராக இருந்தார். நாய்க்கு உரிமம், மதுக்கடைக்கு அனுமதி, வாக்காளர் பட்டியல், மன்றக் கூட்டத்தின் குறிப்பு எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும். அடுத்த சன்னலில் தண்ணீர்க் கட்டணம் வாங்குகிறவள் நான். பதினான்கு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் அவர் வாயிலிருந்து ஒரு வேட்பாளரின் பெயரை நான் கேட்டதில்லை.

"எங்க வீட்டுக்கு ஒரு கட்சிக்காரர் போதும்டி" என்பார்.

அந்தக் கட்சிக்காரர் அவர் கணவர் நார்பர்ட். முப்பது வருடம் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தேர்தல் முடிந்து வருடம் ஒன்றாகியும் முற்றத்தில் நட்ட ரிப்பப்ளிகன் பிரசாரப் பலகையைப் பிடுங்காதவர். புல் வெட்டும்போது அதைச் சுற்றி வெட்டுவார்.

ஆர்டிஸுக்குப் பத்தொன்பது வயதானபோது அவர் அப்பா நாற்பது மாடுகளையும் ஏலம் விட்டார். ஒவ்வொரு மாட்டின் காதுக்கும் சீட்டு எழுதியது ஆர்டிஸ்தான். ஏலத்துக்கு வந்திருந்த அன்றைய எழுத்தர் அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழம ஆபீசுக்கு வா" என்றாராம். அப்படி உதவியாளராக வந்து, பல வருடம் கழித்து எழுத்தரானவர், எதையும் பிழையில்லாமல் எழுதுவதே தன் கடமை என்று உட்கார்ந்துவிட்டார். மன்றத்தில் பொதுமக்கள் பேச மூன்று நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குப் பெட்டி அவர் கைக்கடியில் இருக்கும். ஒலிவாங்கிக்கு யார் வந்தாலும், வங்கி மேலாளரோ, குடித்துவிட்டு வந்தவரோ, மேயரின் அம்மாவோ, ஒரே குரலில் ஒரே கேள்வி: "பேரும் விலாசமும் சொல்லுங்க, பதிவுக்காக."

எல்லோரையும் சமமாக நடத்துவது என்றால் அதுதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அந்த மார்ச் மாதம் ஒரு தீர்மானம் வந்தது. நகரப் போலீஸ் யாரிடமும் குடியுரிமைக் காகிதம் கேட்காது. மத்திய அரசின் குடிவரவு அதிகாரிகளுக்காக யாரையும் பிடித்து வைக்காது. இரண்டே வரி. எங்கள் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் பால் கறப்பவர்களில் பாதிப்பேர் மெக்சிகோவின் வெராக்ரூஸ் மலையிலிருந்து வந்தவர்கள். அது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அந்தப் பாலைத்தான் குடித்தோம். ஆனாலும் அந்த இரண்டு வரி ஊரை இரண்டாக வகிர்ந்துவிட்டது. தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் வேறு வேறு பெஞ்சுக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் ரிப்பப்ளிகன்கள் சன்னலோரம், டெமாக்ரட்டுகள் சமையலறைப் பக்கம். நடுவிலிருந்த மேசைகள் காலியாகக் கிடந்தன.

செவ்வாய் மாலை ஆறரைக்குக் கூட்டம். பேசுவதற்கு அறுபத்தொரு பேர் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். முதலில் இரும்புக்கடை ஹோபர்ட் ஸீல்க்கே.

"சட்டம்னா சட்டம். எங்க தாத்தா வரிசையில நின்னு வந்தாரு. பின்வாசல் வழியா வரவங்களுக்கு நாம ஏன் கம்பளம் விரிக்கணும்? அப்படிப் பாத்தா நானும் வரி கட்டாம இருக்கலாமே?"

"நீ எங்க ஒழுங்கா கட்டற!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு. மேயர் சுத்தியலைத் தட்டினார்.

பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியை மார்லிஸ். எழுதி எடுத்து வந்திருந்தார். "இந்த ஊரோட மனசாட்சி இன்னிக்குப் பரீட்ச எழுதுது" என்று தொடங்கினார்.

"பரீட்ச முடிஞ்சுதா டீச்சர்? வீட்டுக்குப் போலாமா?" என்றது அதே குரல்.

மணி எட்டு இருக்கும். ஃபிடென்சியோ கோலோவா எழுந்து வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை; தலைமுடி இன்னும் ஈரம். அன்று காலை நான்கு மணிக்குப் பால் கறக்கத் தொடங்கியவர். ஆர்டிஸுக்கு அவரைத் தெரியும். நார்பர்ட் முன்பு பால் ஏற்றப் போன பண்ணைகளில் ஒன்றில்தான் ஃபிடென்சியோவுக்கு வேலை. ஒரு பனிக்காலத்தில் லாரி சாலையோரப் பள்ளத்தில் இறங்கியபோது டிராக்டர் கொண்டு வந்து இழுத்துவிட்டவர் அவர். கிறிஸ்துமஸ் தோறும் ஒரு பொட்டலம் சோளக் கொழுக்கட்டை வீட்டுக்கு வரும்.

ஆர்டிஸ் தலையை நிமிர்த்தவில்லை. "பேரும் விலாசமும் சொல்லுங்க, பதிவுக்காக."

"ஃபிடென்சியோ கோலோவா. எரநூத்திப் பதினேழரை, மில் தெரு. பின்பக்கப் படி."

'அரை' என்றதும் இரண்டு பேர் சிரித்தார்கள். மாடியில் ஒண்டுக்குடித்தனம் இருக்கும் பழைய வீடுகளுக்கு எங்கள் ஊரில் அப்படித்தான் எண். குடும்பப்பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார் ஆர்டிஸ். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். பிறகு பேசினார்.

"நான் ஒம்பது வருஷமா பால் கறக்கறேன். மாட்டுக்கு லீவு இல்ல, எனக்கும் இல்ல. போன குளிர்ல என் கூட வேல செய்யறவர் கை மெஷின்ல மாட்டிக்கிச்சு. யாரும் போன் பண்ணல. பண்ணினா போலீசும் வரும்னு பயம். நான் துணியால கட்டி என் கார்ல கொண்டு போனேன். நாப்பது நிமிஷம். மூணு விரல் போச்சு. பயம் இல்லன்னா விரல் இருந்திருக்கும். அவ்வளவுதான். நன்றி."

விளக்கு இன்னும் பச்சையில் இருந்தது. தீர்மானம் நாலுக்கு மூன்றில் நிறைவேறியது.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை காலை, மத்திய அரசின் அதிகாரிகள் இரண்டு கார்களில் வந்தார்கள். முன்வாசலைத் தட்டவில்லை. நேராகப் பின்பக்கம் போய்ப் படிக்கடியில் நின்றார்கள். முதல் கறவை முடிந்து வந்த ஃபிடென்சியோவைப் படியில் கால் வைக்குமுன் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஒன்பது மணிக்குப் போலீஸ் தலைவர் எங்கள் அறைக்கு வந்தார்.

"எங்க ஆளுங்க யாரும் போகல ஆர்டிஸ். எங்களுக்குச் சொல்லவே இல்ல."

"பின்பக்கப் படின்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் ஆர்டிஸ். "கரண்ட் பில் வீட்டு ஓனர் பேர்ல. வாடகச் சீட்டுகூடக் கிடையாது. எப்படித் தெரிஞ்சுது?"

தலைவர் தன் பூட்ஸைப் பார்த்தார். "கூட்டத்து வீடியோவ யாரோ வெட்டிப் போட்டிருக்காங்க. இருபது செகண்டு. 'விலாசத்த அவனே குடுத்துட்டான்'னு மேல எழுதி. ஆயிரக்கணக்குல பரவியிருக்கு." கதவு வரை போய்த் திரும்பி, "உன் குரலும் அதுல இருக்கு" என்றார்.

அவர் போனதும் ஆர்டிஸ் மன்ற விதிப்புத்தகத்தை எடுத்தார். அவருக்கு அது மனப்பாடம் என்பது ஊர் நம்பிக்கை. வெகுநேரம் புரட்டினார். ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இத வாசி. சத்தமா."

வாசித்தேன். "பேச விரும்புவோர் தம் பெயரையும், தாம் நகரவாசியா இல்லையா என்பதையும் கூற வேண்டும்."

"இன்னொரு தடவ."

மறுபடி வாசித்தேன். விலாசம் என்ற சொல்லே அதில் இல்லை. அவருக்கு முன்னிருந்த எழுத்தர் விலாசம் கேட்டார். அதனால் இவரும் கேட்டார். இருபத்தாறு வருடமும் விதி என்று நினைத்தது வெறும் பழக்கம்.

அன்று வீட்டில் நடந்ததை ஆர்டிஸ் பின்னொரு நாள் சொன்னார். நார்பர்ட் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாராம்.

"அவன் நல்லவன், ஆர்டிஸ். திருப்பி அனுப்பணும்னு நான் சொன்னது அவன மாதிரி ஆளுங்கள இல்ல. வேற ஆளுங்கள."

"வேற ஆளுங்க யாரு? பேர் சொல்லு, எழுதிக்கறேன்."

நார்பர்ட் ரிமோட்டை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார். "அந்த வீடியோவ ஞாயித்துக்கிழம பார்ல ஒருத்தன் காட்டினான். எல்லாரும் சிரிச்சாங்க. ஃபிடென்சியோன்னு தெரிஞ்சதும் போனத் திருப்பிக் குடுத்துட்டேன்."

"ஞாயிறு. அவனப் பிடிச்சது வெள்ளி."

"ஆமா."

"அஞ்சு நாள் என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டே."

"நீ மட்டும்? விலாசம் கேட்டது யாரு?" என்றார் நார்பர்ட். சொன்னவுடனே, "அது இல்ல, விடு, நான் அப்படிச் சொல்லல" என்றார். சொல்லியாயிற்று.

அடுத்த கூட்டத்தில் ஆர்டிஸ் எழுந்து நின்றார். எழுத்தர் எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை. விதி என்ன சொல்கிறது, தான் என்ன கேட்டேன், அது தன் தவறு என்று மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்து, தான் சொன்னதைத் தானே குறிப்பில் எழுதினார். அதோடு முடிந்திருக்கலாம். இரண்டு கட்சியும் விடவில்லை. தீர்மானம் போட்டு என்ன பயன், ஆள் போனானே என்றார்கள் ஒரு பக்கம். உங்களால்தான் போனான் என்றது மறுபக்கம். நாற்பது நிமிடம் ஃபிடென்சியோவின் பெயர் பந்துபோல அங்கும் இங்கும் போனது. அதை ஒருவரும் சரியாக உச்சரிக்கவில்லை.

கூட்டம் கலையும்போது மார்லிஸ் வந்து, "இதையே பத்திரிகைக்கு எழுதிக் குடுங்க ஆர்டிஸ், நம்ம பக்கத்துக்கு ரொம்ப உதவியா இருக்கும்" என்றார். ஹோபர்ட் கையை நீட்டினார். "நீங்க ஏன் வருத்தப்படறீங்க? உங்க வேலையச் செஞ்சீங்க. நன்றி." ஆர்டிஸ் பழக்கத்தில் அந்தக் கையைக் குலுக்கிவிட்டார். பிறகு கழிவறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் வெளியே அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு அவர் யாரிடமும் விலாசம் கேட்கவில்லை. அதற்கு யாருடைய ஓட்டும் தேவைப்படவில்லை.

ஃபிடென்சியோவை வேறொரு மாவட்டத்துச் சிறையில் மூன்று வாரம் வைத்திருந்து மெக்சிகோவுக்கு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த சனிக்கிழமை மதியம், ஆர்டிஸ் நார்பர்ட்டிடம் காரை எடுக்கச் சொன்னார். ஃபிடென்சியோவின் மனைவி எர்லிண்டாவிடம் நேரில் சொல்ல வேண்டும், மன்றத்தில் சொன்னால் போதாது என்றார். நார்பர்ட் மறுக்கவில்லை. மில் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, "நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

பின்பக்கப் படி ஏறிப்போய்க் கதவைத் தட்டினார் ஆர்டிஸ். உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது.

"யாருங்க?"

"ஆர்டிஸ். நகரமன்றத்துலேருந்து."

"பேப்பர் இருந்தா கதவுக்கடியில தள்ளுங்க. தெறக்க மாட்டேன்."

"பேப்பர் இல்லம்மா. நான் நார்பர்ட் வீட்டுக்காரி. பால் லாரி நார்பர்ட்."

கதவு திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் பெயர்ந்துபோன பச்சை வண்ணத்தைப் பார்த்துக்கொண்டே ஆர்டிஸ் சொன்னார். விலாசம் கேட்டது தான்தான், விதியில் அப்படி இல்லை, கேட்டிருக்க வேண்டியதே இல்லை.

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு, கதவுக்கு மிக அருகிலிருந்து எர்லிண்டாவின் குரல் வந்தது.

"ரெண்டு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு பழகினாரு. பழைய கூட்டமெல்லாம் டிவியில போட்டுப் பாத்தாரு, எப்படிப் பேசறாங்கன்னு. நான் சொன்னேன், பேர் மட்டும் சொல்லு, போதும்னு. எல்லாரும் விலாசம் சொல்றாங்க, நான் மட்டும் சொல்லலன்னா ஒளிஞ்சிருக்கறவன் மாதிரி இருக்கும்னாரு."

ஆர்டிஸ் கதவுக்கு இன்னும் அருகே போனார்.

"நீங்க கேக்கலன்னா?" என்றது குரல்.

"கேக்கலன்னா யாருமே சொல்லியிருக்க மாட்டாங்க. அவரும்தான்."

"ம்."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ வரவில்லை. ஆர்டிஸ் இன்னும் நின்றார். ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். சாப்பாடு, கடிதம், எதுவானாலும்.

"கீழ நிக்கற கார் உங்களுதா?"

"ஆமா."

"உள்ள ஒரு ஆள் உக்காந்திருக்காரா?"

"என் வீட்டுக்காரர்."

"எடுத்துட்டுப் போயிருங்க மேடம். தெரியாத கார் நின்னா, தெரு முழுக்க யாரும் வேலைக்குக் கெளம்ப மாட்டாங்க. ரெண்டாவது கறவைக்கு நேரமாச்சு."

ஆர்டிஸ் எதிர்வீட்டுச் சன்னல்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் திரை இழுத்திருந்தது. எத்தனை பேர் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிறார்களோ. அறுபத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு, அவர் அந்தப் படிகளில் இறங்கி ஓடினார்.

"என்ன சொன்னா?" என்றார் நார்பர்ட்.

"வண்டிய எடு. சீக்கிரம்."