பூசணிக்காயைச் சுட்டவர்

காலி ஆயில் டிரம்மின் மேல் ஒரு வெள்ளைப் பூசணிக்காய். நெற்றியில் குங்குமம், தலையில் கற்பூரம் எரிந்த கரி, வயிற்றில் சுண்டுவிரல்கூட நுழையாத ஓர் ஓட்டை. அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் கோடாக வழிந்து டிரம்மில் இறங்கிக்கொண்டிருந்தது. காய் உடையவில்லை, உருளவில்லை, அசையக்கூட இல்லை. அதற்கு எதிரே பட்டு வேட்டியும் புதுச் சட்டையுமாக, கையில் துப்பாக்கியோடு என் மாமனார் நின்றிருந்தார். கல்யாணமாகி நான் பார்த்த முதல் ஆயுத பூஜை அது. இரண்டு பேரில் பூசணிக்காய்தான் கம்பீரமாக இருந்தது.

மாமனாருக்குத் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள். ஆந்திரா, சத்தீஸ்கர் என்று போய் ஆழ்துளைக் கிணறு போடும் தொழில். என்றைக்கோ வெளிமாநில முகாமில் யாரோ மிரட்டினார்கள் என்று காரணம் சொல்லி லைசென்ஸ் வாங்கி, சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னக் கைத்துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். முகாம்களுக்குப் போவதை அவர் விட்டுப் பல வருடமாகியும் துப்பாக்கி மட்டும் கல்யாண வீடுகளுக்குத் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. பந்தியில் உட்காரும்போது அதை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைப்பார். எதிர்வரிசைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், மறதியாக வைத்துவிட்டதுபோல எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். அன்றைக்கு மட்டும் அவர் முகம் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய தகப்பன் முகம்போல இருக்கும். சொந்தப் பெண்ணை அனுப்பியபோது அப்படி இருக்கவில்லை என்று என் நாத்தனாரே சொல்லியிருக்கிறாள்.

நான் வாழப்பாடிப் பக்கத்துக்காரி. சொல்லுக்குச் சொல் 'ங்க' போட்டுப் பேசும் வழக்கம் எங்கள் ஊரில் இந்த அளவுக்குக் கிடையாது. இந்த வீட்டுக்கு வந்துதான் கற்றுக்கொண்டேன். மரியாதை முழுவதையும் அந்த 'ங்க'வில் இறக்கி வைத்துவிட்டால் மனத்தில் துளியும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டேன். மாமனாரோடு நான் பேசியதெல்லாம் அப்படித்தான்.

ஆயுத பூஜைக்கு எல்லாப் பட்டறைகளிலும் வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள், திருஷ்டி சுற்றிப் பூசணிக்காயைத் தெருவில் போட்டு உடைப்பார்கள். எங்கள் ஷெட்டில் மட்டும் முதலாளி அதைச் சுடுவார். பின்னால் மண்மேடு, முன்னால் டிரம்மின் மேல் காய், கைகட்டி நிற்கும் ஆட்கள். முந்தைய வருடங்களில் ஒவ்வொரு முறையும் காய் கீழே விழுந்து சிதறியதாம். அதன் ரகசியம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பழைய டிரைவர் ஒருவர் காயை டிரம்மின் விளிம்பில், இதோ விழப்போகிறேன் என்கிற நிலையில் வைப்பாராம். குண்டு பட்டாலும் விழும், தும்மினாலும் விழும். அந்த வருடம் அவர் லீவில் போயிருந்தார். விவரம் தெரியாத யாரோ காயை நடுவில் பத்திரமாக வைத்துவிட்டார்கள்.

பின்வரிசையில் சமையல்காரர் சிரித்தது மாமனார் காதில் விழுந்துவிட்டது. காயைக் கையால் தள்ளி உடைத்துவிட்டு உள்ளே போனவர் அன்று பொங்கலைத் தொடவில்லை. மறுநாள் காலையே முடிவு தயாராக இருந்தது. குற்றம் குண்டின் மேல். குண்டு எடை குறைவு.

பாறையில் துளை இறங்கவில்லையென்றால் ரிக்காரர்கள் இடித்துத் துளைக்கும் பெரிய ஹேமரை மாட்டுவார்கள், கம்ப்ரஸரில் காற்றழுத்தத்தை ஏற்றுவார்கள். வாழ்நாள் முழுக்க அவருக்குச் சோறு போட்டது அந்த ஒரே யோசனை. உலகத்தில் உள்ள எல்லாமே பாறை என்றும், எல்லாவற்றுக்கும் வைத்தியம் எடை என்றும் அவர் மூளையில் அது இறுகிப்போயிருந்தது. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பாறை எறங்கலைன்னா என்ன பண்றோம்? வெயிட்ட ஏத்தறமல்லங்க? இதுக்கும் அதேதானுங்க."

ரிக்கின் துளையிடும் பிட்டுகளைச் சாணை பிடித்துக் கொடுக்கும் லேத் பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார். மாமனார் எதைச் சொன்னாலும் ஆமாங்க என்பதுதான் அவரது முதல் தொழில், லேத் இரண்டாவது. சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை மாமனார் மிட்டாய் டப்பா ஒன்றில் சேர்த்து வைத்திருந்தார். பழைய பேட்டரி ஈயத்தை உருக்கி, கம்பெனிக் குண்டைவிட நீளமாகவும் கனமாகவும் வார்த்து, வெடிமருந்தோடு அந்தக் கூடுகளில் அடைத்துக் கொடுப்பது என்று இருவரும் பேசி முடித்தார்கள். வீட்டில் தோட்டா செய்வது சட்டப்படி குற்றம். அது தெரியாதவர்கள் இல்லை. தெரிந்ததனால் மாமனாரின் மீசை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

இதில் ஒளிந்திருந்த முட்டாள்தனம் பாத்திரம் பார்த்துத் தயிர் ஊற்றி வைக்கும் பெண்ணுக்கே புரியும். கூடு அதே கூடு. நீளமான குண்டை உள்ளே திணித்தால் மருந்துக்கு இடம் ஏது? கம்பெனி போட்ட அளவை அப்படியே போட்டால் நெருக்கித் தெறிக்கும். பயந்துகொண்டு குறைத்துப் போட்டால் கனத்த குண்டு பாதி வழியில் நின்றுவிடும். இதை நான் ஒருநாள் சாப்பாடு போடும்போது மாமனாரிடம் கேட்டேன். "ரிக்க பத்தி ஒனக்கு என்ன தெரியும்?" என்றார். நான் ரிக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. தோட்டாவில் பொட்டு வைத்து, துப்பாக்கிக்குச் சந்தனம் பூசி, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். பூஜை முடிந்ததும் எல்லோர் முன்னிலும் ஓர் அறிவிப்பு. இனிமேல் தொழிலைப் பார்க்கப்போவது மகன், ஆகவே காயைச் சுடப்போவதும் மகன். ஆட்கள் கை தட்டினார்கள். பெருந்தன்மை என்று நினைத்து என் கணவரின் கண் கலங்கியது. அப்பாவின் கையிலிருந்து எதையாவது வாங்கினால் போதும் என்றிருந்த மனிதர் அவர். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "வேண்டாங்க மாமா, கையில போட்டு ஒடைச்சரலாங்க" என்று அருகில் போய்ச் சொன்னேன். நல்ல நாளில் அபசகுனமாகப் பேசாதே என்றார்.

முதல் தோட்டாவுக்கு வெடிச்சத்தமே வரவில்லை. ஈரப் பட்டாசு மாதிரி 'புஸ்' என்றது. காயில் ஓட்டை இல்லை, மண்மேட்டில் புழுதி இல்லை. கணவர் துப்பாக்கியைத் தாழ்த்தி, குண்டு வெளியே போன மாதிரித் தெரியவில்லை அப்பா என்றார். அவர் சொன்னது சரி. குண்டு துப்பாக்கிக் குழாயை அடைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தது. மாமனார் சமையல்காரர் நின்ற பக்கம் பார்த்தார். அந்த ஆள் சிரிக்கக்கூட இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவே போதுமானதாக இருந்தது. மாமனார் வந்து துப்பாக்கியை வாங்கி, மேல்பாகத்தை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றி, மகன் கையில் மறுபடி திணித்தார்.

"அடி சாமி. ஆளுக முன்னால மானத்த வாங்காத."

சொல்லிவிட்டு ரிக் வண்டியின் பெரிய டயர் வரைக்கும் பின்னால் போய் நின்றுகொண்டார். அப்போது அதை வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், அர்த்தம்தான் தெரியவில்லை.

இந்த முறை சத்தம் வந்தது. பூசணிக்காய் இருந்த இடத்திலேயே இருந்தது. என் கணவரின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லை.

ஈரோட்டு ஆஸ்பத்திரியில் பட்டாசு வெடித்துவிட்டது என்று சொல்லச் சொன்னார் மாமனார். கையிலிருந்து இரும்புத் துணுக்குகளை எடுத்த டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லி அனுப்பினார். வராந்தாவில் லேத்துக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, கேட்காமலே கொட்டினார்.

"எனக்கென்னமோ பயமாத்தான் இருந்துச்சுங்க அம்மிணி. ஐயாவுக்கும் பயந்தானுங்க. தோட்டத்துல மொதல்ல இந்தத் தோட்டா ஒண்ணப் போட்டு, தென்னமரத்துல துப்பாக்கியக் கட்டி, கயித்தப் போட்டு, மோட்டார் ரூமுக்குப் பின்னால நின்னுதானுங்க இழுத்தாரு."

அதற்கு முன்பு எனக்கு மாமனார்மேல் இருந்தது எரிச்சலும் இளப்பமும்தான். மடையனை மன்னிக்கலாம், மடமைக்கு வீட்டில் எல்லோரும் வளைந்து கொடுக்கிறோம். இவர் மடையரும் இல்லை. வெடிக்கலாம் என்று தெரிந்துதான் தென்னைமரத்தில் கட்டினார். தென்னைமரத்துக்கு அடுத்தபடியாக அவருக்குக் கிடைத்தது மகன். அன்றிலிருந்து அந்த மனிதரை நான் வெறுக்கிறேன். இதை எழுதும்போதும் வெறுக்கிறேன்.

கேஸ் நடந்தது, அபராதம் கட்டினார், லைசென்ஸ் ரத்தானது. மகன் விரல்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், லைசென்ஸ் போன அன்று சாமி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், பையன் பிடி சரியில்லை, நான் பிடித்திருந்தால் காய் தூள் தூளாகியிருக்கும் என்றார். என் கணவர் பக்கத்து அறையில் இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட மறுத்துப் பேசவில்லை. அதற்காக அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அது வேறு வகைக் கோபம்.

இந்த வருட ஆயுத பூஜைக்கும் ஷெட்டில் ஆட்கள் கைகட்டி நின்றார்கள். மாமனார் பட்டு வேட்டி கட்டி, காலியான சட்டைப் பையைத் தடவிக்கொண்டு முன்னால் நின்றார். இப்போது டிரம் கிடையாது. என் கணவர் பூசணிக்காயை இடது உள்ளங்கையில் தாங்கி, வலது கையின் மூன்று விரல்களால் அணைத்து, வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். தலைக்கு மேல் அதைத் தூக்கியபோது, எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மாமனாரைப் பார்த்தேன். மெல்லப் பின்வாங்கி, ரிக் வண்டியின் பெரிய டயருக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டிருந்தார்.

காய் தரையில் விழுந்து, தன் எடையிலேயே நாலாபுறமும் சிதறியது. விதையும் குங்குமமும் என் கால்வரைக்கும் வந்தன. எல்லா ஆட்களுக்கும் கேட்கும்படி, இந்த வீட்டில் கற்றுக்கொண்ட மரியாதையோடு சொன்னேன்.

"பயப்படாம வெளிய வாங்க மாமா. வெறும் பூசணிக்காதானுங்க."