கிணற்றில் குதித்த வாட்ச்

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனால் கடலுக்கடியில் போகிறவர்களுக்காக ஜப்பானில் செய்த பழைய டிஜிட்டல் வாட்ச்சுகளைப் பல வருஷமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். தென்காசியில் இருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் திருச்செந்தூருக்கு பஸ் ஏற வேண்டும். இதையெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மனைவியே சொல்லிவிடுவாள்.

போன வருஷம் செங்கோட்டையில், துபாயில் இருந்து திரும்பிவந்த ஒருவரிடம் ஒரு வாட்ச் வாங்கினேன். அதன் பக்கவாட்டில் மூக்குப் போல ஒரு புடைப்பு. தண்ணீருக்குள் இறங்கினால் எத்தனை மீட்டர் ஆழம் என்று கண்டுபிடித்துத் திரையில் காட்டுவது அந்த மூக்கின் வேலை. ஒரு தடவையாவது அதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. குளியலறை வாளியில் போட்டேன், ஆழம் போதவில்லை. சாரல் தொடங்கியதும் குற்றாலம் போய் ஐந்தருவியில் முண்டியடித்து நின்றேன். தண்ணீர் தலையில் பாறாங்கல்லாக விழுந்தது. மூச்சுத் திணறியபடி திரையைப் பார்த்தேன். ஆழம் பூஜ்யம். தரையில்தானே நின்றுகொண்டிருந்தேன், அதைக் குறை சொல்ல முடியாது.

அச்சன்புதூரில் தங்கை வீட்டு வயலில் பெரிய கிணறு இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தங்கை மாப்பிள்ளை ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். சின்ன வயசிலிருந்து அந்தக் கிணற்றில் குதித்து வளர்ந்தவர். பின்மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றி, கிரீஸ் தடவி எடுத்துக்கொண்டு போனேன்.

கிணற்று மேட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"தண்ணிக்குள்ள போற வாட்ச்ச வச்சிக்கிட்டு நீங்க வெளியவே நிக்கியளே மச்சான். கொண்டாங்க."

கையில் கட்டிக்கொண்டு குதித்தார். குமிழிகள் வந்தன, பிறகு அவையும் நின்றன. சத்தியமாகச் சொல்கிறேன், நான் கவலைப்பட்டது முதலில் வாட்ச்சைப் பற்றித்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு கைப்பிடிச் சேற்றோடு மேலே வந்தார். படியில் குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். போன ஆழத்தை அழியாமல் திரையில் வைத்திருந்தது: ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருவது அடி. இத என்கிட்ட கேட்டா நானே சொல்லியிருப்பேன்லா?" என்றார். பிறகு கையை நீட்டித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்படி மச்சான் இருக்கு?" என்று கேட்டார்.

சந்தோஷத்தில் இருந்த நான், "உங்க கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு மாப்ள" என்றேன்.

அவ்வளவுதான். அவர் அதைக் கழற்றவில்லை. சாப்பிடும்போதும் கையில் இருந்தது. வாசல் வரை வந்து வழியனுப்பியபோதும் இருந்தது. கட்டிய வாட்ச்சைக் கழற்றித் தாருங்கள் என்று தங்கை மாப்பிள்ளையிடம் கேட்கிற தைரியம் எங்கள் பக்கத்தில் எந்த அண்ணனுக்கும் கிடையாது. தங்கை வேறு, "அண்ணன் ஆசையா கொண்டாந்து கொடுத்துச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோடையில் அவரிடமிருந்து போன் வந்தது. ஊரில் யார் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று அவரைத்தான் இறங்கிப் பார்க்கச் சொல்கிறார்களாம். இப்போது திரை மங்குகிறதாம்.

"பேட்டரிதான் மாப்ள. கொடுத்துட்டுப் போங்க, மெதுவா மாத்தி வைக்கேன்" என்றேன், குரலில் எதுவும் தெரியாமல்.

மறுநாள் காலையிலேயே வந்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து, பேட்டரி மாற்றி, துடைத்து நீட்டினேன். கட்டிக்கொண்டார். அதற்குள் அவர் பார்வை, சாமான் எடுப்பதற்காக நான் திறந்த அலமாரிக்குள் வரிசையாக இருந்த மற்ற வாட்ச்சுகள் மேல் போய்விட்டது.

"பெரியவன் காலேஜ் சேந்துட்டான் மச்சான். இதுல எது அவனுக்குச் சரியா இருக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "பிடிச்சத எடுத்துக்கிடுங்கண்ணே. தாய்மாமன் பொருள்தானே!"

அவர் நன்றாகப் பார்த்துத்தான் எடுத்தார்.