கஷ்டம் என்று நான் சொன்ன பல் மருத்துவ சீட்

ரேங்க்கைச் சொன்னால் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று பார்த்துச் சொல்வது என் தொழில். கோபத்தை விழுங்குவது அதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு வேலை.

தாம்பரம் மேற்கில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனைவி இருந்தவரை கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. அவள் போன பிறகு நானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு வருஷமும் மருத்துவ, பல் மருத்துவக் கலந்தாய்வுப் பட்டியலை பிரின்ட் எடுப்பேன். எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், கடைசியாக எந்த ரேங்க்குக்கு இடம் கிடைத்ததோ, அந்த வரியின் கீழ் சிவப்புப் பேனாவால் கோடு போடுவேன். அவ்வளவுதான் என் வித்தை. வீட்டில் பிளஸ் டூ பிள்ளையை வைத்துக்கொண்டு சாப்பாடு இறங்காமல் இருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

பர்சன்டேஜ் கேட்டவர்

செம்பாக்கத்திலிருந்து ஒரு வங்கி அதிகாரி மகனோடு வந்தார். "பி.டி.எஸ். கிடைக்க எத்தனை பர்சன்ட் சான்ஸ்? ஒரே நம்பரா சொல்லுங்க சார்" என்றார். போன வருஷக் கோட்டைக் காட்டினேன். கோடு வேண்டாமாம், நம்பர்தான் வேண்டுமாம். எதிர்வீட்டுப் பையனுக்கு யாரோ எண்பது என்று சொல்லியிருக்கிறார்கள்.

பையன் ஜெராக்ஸ் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். "உனக்குப் பல் மருத்துவம் பிடிக்குமாப்பா?" என்று கேட்டேன். அவன் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "அவனை ஏன் சார் கேக்குறீங்க? நீங்க ரேங்க்கை மட்டும் பாருங்க."

நாவலூர்க்காரர்

நாவலூரில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸில் 'அட்மிஷன் ஆலோசனை' நடத்துகிறவர் ஒருநாள் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதுதான் அவர் ஆலோசனை. அரசுக் கல்லூரி கிடைக்குமா கிடைக்காதா என்று தவிக்கிற பிள்ளைகளை அவரிடம் அனுப்ப வேண்டுமாம்.

வெளியே போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சத்தமாகப் பேசி வழக்கமில்லை. பாக்ஸைத் திருப்பிக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். என் ஃபைலைப் புரட்டிக்கொண்டே அவர் சொன்னது: "அண்ணா, உங்ககிட்ட கோடு போட்ட பேப்பர்தான் இருக்கு. பேரன்ட்ஸுக்கு வேண்டியது தைரியம். அதை நாங்க குடுக்கறோம்."

ஒரே ஒரு வார்த்தை

அஞ்சலை பள்ளிக்கரணையில் மீன் விற்கிறவர். மகள் பவித்ரா இரண்டாம் முறை நீட் எழுதி, ரேங்க்கோடு வந்திருந்தாள். படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அதனால் அரசுப் பள்ளி ஒதுக்கீடு கிடையாது. பல் மருத்துவம், அதுவும் அரசுக் கல்லூரி என்றால்தான் படிக்க முடியும். போன வருஷக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது அவள் ரேங்க். அதற்கு முந்தைய வருஷம் என்றால் கிடைத்திருக்கும்.

"கெடைக்குமா சார்?" என்றார் அஞ்சலை.

"கஷ்டம்" என்றேன். பொய்யான ஆசை காட்டக் கூடாது என்ற என் பழைய வீம்பு. கிடைக்காவிட்டாலும் விருப்பப் பட்டியலில் அரசுக் கல்லூரியை முதலில் எழுதுவதால் நஷ்டமில்லை என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னேன். கலந்தாய்வுக் கம்ப்யூட்டர் நம் பட்டியலை மேலிருந்து பார்க்கும். முதல் கல்லூரி இல்லையென்றால் இரண்டாவதைப் பார்க்கும். எது முதலில் கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். பவித்ரா தலையாட்டினாள். அஞ்சலையின் காது அந்த ஒரு வார்த்தையிலேயே நின்றுவிட்டது. "பெருசா கேட்டு, இருக்கறதும் பூட்ச்சின்னா இன்னா சார் பண்றது? யோசிச்சிகினு வரோம்."

பூட்டிய பட்டியல்

யோசித்துக்கொண்டு வரவில்லை. ஒதுக்கீட்டு ஆணையை பிரின்ட் எடுக்கத்தான் வந்தார்கள். நாவலூர் ஆபீஸில் பட்டியலைப் போட்டு, திருத்த முடியாதபடி பூட்டியும் கொடுத்திருந்தார்கள். கட்டணத்துக்கு லோன் வாங்கித் தருவதாகச் சொல்லி, முதல் இடத்தில் அந்தத் தனியார் கல்லூரி. அரசுக் கல்லூரி அதற்குக் கீழே. கம்ப்யூட்டர் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

இந்த வருஷப் பட்டியலை எடுத்துப் பேனாவோடு உட்கார்ந்தேன். அரசுக் கல்லூரியில் அவள் பிரிவில் கடைசி இடம் வாங்கிய பிள்ளை, பவித்ராவுக்குப் பின்னால் பதினோராவது ஆள். கோடு போடக் கை வரவில்லை. பவித்ரா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. வெளியே போய் நின்றாள்.

இரண்டாம் சுற்றில் அவள் பிரிவில் அரசு இடம் ஒன்றும் மிஞ்சவில்லை. சொன்ன லோன் வரவில்லை, தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு வேறு வழியில்லை, அவள் சேரவில்லை. மூன்றாம் முறை நீட் எழுதுகிறாள்.

ஆணையை பிரின்ட் எடுக்க வந்த அன்று அஞ்சலையிடம் நான் கொதித்துவிட்டேன். "அந்த ஆள் சொன்னான்னு பூட்டிட்டு வந்தீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலை குரலை உயர்த்தவில்லை. "கேட்டனே சார். நீ கஷ்டம்னு சொன்ன. அவன் கெடைக்கும்னு சொன்னான். என் எடத்துல நீ இருந்தா எங்க போயிருப்ப?"

இப்போதெல்லாம் சிவப்புக் கோட்டைக் காட்டி, "முதல்ல இதைப் போடுங்க" என்று பக்கத்துக் கடைக்குக் கேட்கும்படி சொல்கிறேன். ஒரு பெண்ணின் சீட் போன பிறகு எனக்கு வந்த தைரியம் இது.